பாலத்துக்குள் மறைந்திருக்கும் கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியில் பாரம் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டும் தொழிலாளர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு பக்கம் நின்று கயிற்றை எவ்வளவு பலமாக இழுத்தாலும், மூட்டைகளின் மீது ஏறி, விளிம்பில் மடங்கி, மறுபக்கம் இறங்கும் கயிறு அதே அளவுக்கு இறுகுவதில்லை. மடங்கும் ஒவ்வோர் இடத்திலும் இழுவையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. அதனால்தான் இரு பக்கமும் ஆள் நின்று இழுக்கிறார்கள்.

அந்த லாரி கடந்து செல்லும் பாலத்தின் உள்ளேயும் இதே உண்மைதான் செயல்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பரமத்தி வேலூரிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் மோகனூரிலும் காவிரியைத் தாண்டும் பாலங்களின் மீது இரவு பகலாகப் பார வண்டிகள் ஓடுகின்றன. 2020-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைக் கடக்காமல் அந்த நகரில் ஒரு நாள் கழிவது அரிது. கட்டும் முறை பாலத்துக்குப் பாலம் மாறும். ஆனால், தூணுக்கும் தூணுக்கும் இடையே 30, 40 மீட்டருக்கு மேல் தாண்ட வேண்டிய இடங்களில் இன்று உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது முன்தகைவுக் கான்கிரீட் முறை. பொறியாளர்கள் 'பிரிஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்' என்பார்கள்.

நான் பொறியாளன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். எனினும், பொதுப்பணத்தில் கட்டப்பட்டு, நூறாண்டு நிற்க வேண்டிய ஒரு பொருளின் தரம், எவர் கண்ணுக்கும் படாத ஓரிடத்தில், சில மணி நேர வேலையில் முடிவாகிறது என்றால், அது பொருளியலின் கவலையும்கூட. அந்த வேலையின் கணக்கு ஒரு பட்டதாரி வாசகருக்குப் புரியாத அளவுக்குக் கடினமானதும் அல்ல.

இறுக்கத்தின் பயன்: கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை, அழுத்த வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஒரு விட்டத்தின் மீது பாரம் ஏறினால் அதன் மேற்பகுதி நெருக்குண்டு, அடிப்பகுதி இழுபடுகிறது; அடியில் விரிசல் காண்கிறது. இதைத் தடுக்க எளிய வழி, பாரம் வருவதற்கு முன்பே விட்டத்தை இரு முனைகளிலிருந்தும் நெருக்கி வைப்பது. அப்படிச் செய்தால், பாரம் உண்டாக்கும் இழுப்பு ஏற்கெனவே உள்ள நெருக்கத்தைக் குறைக்குமே தவிர, கான்கிரீட்டைக் கிழிக்காது.

நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் இதைப் பெயரிடாமலேயே செய்துவந்தவர்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாக அடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் பட்டா, மரத்துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். வண்டி எத்தனை குழியில் விழுந்து எழுந்தாலும் சக்கரம் கழலாது. அதுவும் முன்தகைவுதான்.

இதைக் கான்கிரீட்டில் நிலைநாட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃபிரெய்சினே. அவருக்கு முன்னரும் சிலர் முயன்று தோற்றார்கள். சாதாரண இரும்புக் கம்பியை இழுத்து வைத்தார்கள். சில காலத்தில் கான்கிரீட் மெல்லச் சுருங்கித் தளர்ந்தது. கம்பியின் இறுக்கம் முழுவதும் காணாமல் போயிற்று. கான்கிரீட் தொடர் பாரத்தின் கீழ் காலப்போக்கில் தளர்ந்துகொண்டே போகும் என்பதைத் தாம் கட்டிய பாலத்திலேயே கண்டறிந்த ஃபிரெய்சினே, இழப்புக்குப் பிறகும் மீதம் இருக்கும்படி மிக வலிமையான எஃகை மிக அதிகமாக இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1928-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முன்தகைவு என்பது தொடக்கத்திலிருந்தே இழப்புகளைக் கணக்கிடும் கலையாகத்தான் இருந்துவருகிறது. தமிழகம் இதில் பின்தங்கவில்லை. செங்கல்பட்டு அருகே பாலாற்றின் குறுக்கே 1954-இல் எழுந்த பாலம், நாட்டின் தொடக்ககால முன்தகைவுப் பாலங்களுள் ஒன்று.

வடத்தின் பாதை: கம்பிகள் பலவற்றைச் சேர்த்த வடம், கான்கிரீட்டுக்குள் பதிக்கப்பட்ட உறைக்குழாய் வழியாகச் செல்கிறது. கான்கிரீட் போதிய அளவு இறுகிய பின், நீர்ம விசை ஜாக்கியால் வடத்தை இழுத்து, முனையில் ஆப்புகளால் பூட்டுகிறார்கள். பின்னர் உறைக்குழாய்க்குள் சிமென்ட் பால் செலுத்தி அடைக்கிறார்கள்.

வடம் நேராகச் செல்வதில்லை. விட்டத்தின் முனைகளில் உயரத்திலும், நடுவில் தாழ்ந்தும், தொங்கும் மாலையைப் போல் வளைந்து செல்கிறது. இது அழகுக்காக அன்று. வளைந்த வடத்தை இழுத்தால் அது நேராக முயலும். நேராக முயலும்போது தன் மீதுள்ள கான்கிரீட்டை மேல்நோக்கி உந்தும். பாரம் விட்டத்தைக் கீழே தள்ள, வடம் அதை மேலே தூக்குகிறது. எனவே, வளைவில்தான் வடத்தின் பயன் பெரிதும் அடங்கியுள்ளது.

ஆனால், வளையும் இடத்தில்தான் வடம் உறைக்குழாயின் சுவரோடு அழுந்தி உரசுகிறது. அங்கே இழுவிசை குறைகிறது. பயனைத் தரும் அதே வளைவு இழப்பையும் தருகிறது. எவ்வளவு வளைப்பது, எங்கே வளைப்பது, எந்த முனையிலிருந்து இழுப்பது என்ற வடிவமைப்பாளரின் தீர்மானங்கள் எல்லாம் இந்த முரணைச் சுற்றியே அமைகின்றன.

தலைகீழ்க் கூட்டு வட்டி: உராய்வால் குறையும் விசையைக் கணக்கிட வழி சொன்னவர் 18-ஆம் நூற்றாண்டுக் கணிதமேதை லியோனார்டு ஆய்லர். தூணில் சுற்றிய கயிற்றைப் பற்றியது அவர் கணக்கு. அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு சிறு வளைவும், அங்கு மிஞ்சியிருக்கும் விசையில் ஒரே விகிதத்தைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சியதில் மீண்டும் அதே விகிதம், அதில் மீண்டும் அதே விகிதம். கூட்டு வட்டியைத் தலைகீழாக ஓடவிட்டால் எப்படியோ, அப்படி.

இங்கே முக்கியமானது, வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தில் நிகழ்கிறது என்பதன்று. மொத்தம் எத்தனை கோணம் திரும்பியது என்பதுதான். இந்தக் கோணத்தை ரேடியன் என்ற அலகில் அளக்கிறார்கள்; ஒரு ரேடியன் ஏறக்குறைய 57.3 பாகை. வடம் பரவளைவாகச் செல்லும்போது கணக்கு எளிது. முனையில் அதன் சாய்வு, நடுவில் உள்ள தொய்வின் நான்கு மடங்கை நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். 40 மீட்டர் நீள விட்டத்தில் தொய்வு 1 மீட்டர் என்றால், முனைச் சாய்வு 0.1 ரேடியன். ஒரு முனையில் கீழ்நோக்கி 0.1, மறுமுனையில் மேல்நோக்கி 0.1, ஆக, வடம் மொத்தம் திரும்பிய கோணம் 0.2 ரேடியன். ஏறக்குறைய 11 பாகை.

இதனுடன் இன்னோர் இழப்பும் உண்டு. வரைபடத்தில் நேராகவோ சீராகவோ காட்டப்பட்ட உறைக்குழாய், களத்தில் அப்படியே இருப்பதில்லை. தாங்கு கம்பிகளுக்கு இடையே சற்றுத் தொய்யும். கான்கிரீட் கொட்டும்போது சற்று நகரும். பக்கவாட்டில் சற்று நெளியும். இந்தத் திட்டமிடாத நெளிவுகளும் வளைவுகள்தாம். இவற்றைத் தனித்தனியே அளக்க இயலாது என்பதால், ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு கெழுவைக் கொள்கிறார்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிகள், உலோக உறைக்குழாய்க்கு உராய்வுக் கெழு 0.25 என்றும், நெளிவுக் கெழு மீட்டருக்கு 0.0046 என்றும் கொள்கின்றன. நெளிநெளியான பாலிஎத்திலீன் குழாய்க்கு இவை முறையே 0.17, 0.002. இனி நம் 40 மீட்டர் விட்டத்துக்கு வருவோம். உலோகக் குழாயில், திட்டமிட்ட வளைவின் பங்கு 0.25-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.05. திட்டமிடாத நெளிவின் பங்கு 0.0046-ஐ 40-ஆல் பெருக்கினால் 0.184. இரண்டும் சேர்ந்து 0.234. இதை ஆய்லரின் சூத்திரத்தில் இட்டால், ஜாக்கி இழுத்த விசையில் மறுமுனையைச் சென்றடைவது 79 சதவீதம்தான்; 21 சதவீதம் வழியிலேயே கரைந்துவிடுகிறது. விட்டத்தின் நடுவில் இழப்பு 11 சதவீதம். பாலிஎத்திலீன் குழாயில் மறுமுனை இழப்பு ஏறத்தாழ 11 சதவீதமாகவும், நடுவில் 5.5 சதவீதமாகவும் குறைகிறது.

இந்தச் சதவீதங்களை எடையாக்கிப் பார்ப்போம். 12.7 மில்லிமீட்டர் கம்பிவடங்கள் 19 சேர்ந்த ஒரு கற்றையை, அதன் அறுபடும் வலிமையில் முக்கால் பங்குக்கு இழுத்தால் விசை சுமார் 267 டன். பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன், அத்தகைய லாரிகள் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றின் எடை ஒரே கற்றையில். மறுமுனையில் உலோகக் குழாயில் மிஞ்சுவது 211 டன்; பாலிஎத்திலீனில் 238 டன். குழாய் மாறியதால் மட்டும் கிடைத்த வேறுபாடு 27 டன். ஏறக்குறைய ஒரு லாரியின் முழு எடை.

நெளிவின் விலை: இந்தக் கணக்கில் பொருளியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் அறிந்து, விரும்பி வைத்த வளைவால் வந்த இழப்பு 0.05. யாரும் விரும்பாத, எந்த வரைபடத்திலும் இல்லாத நெளிவால் வந்தது 0.184. திட்டமிட்ட செலவைவிடத் திட்டமிடாத செலவு மூன்றரை மடங்குக்கும் மேல். அதைக் குறைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. உறைக்குழாயைத் தாங்கும் கம்பிகளை நெருக்கமாகக் கட்டுவதும், உயரத்தை ஒவ்வோர் இடத்திலும் அளந்து சரிபார்ப்பதும், கான்கிரீட் கொட்டும்போது அதிர்வுக் கருவி குழாயை இடிக்காமல் பார்ப்பதும் போதும். சில கிலோ கம்பியும் ஒரு மேற்பார்வையாளரின் பொறுமையும்தான் அதன் விலை.

பல தூண்களின் மீது தொடர்ந்து செல்லும் விட்டங்களில் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. வடம் நடுவில் தாழ்ந்து, தூணின் மேல் எழுந்து, மீண்டும் தாழ்கிறது. கீழ்நோக்கிய வளைவும் மேல்நோக்கிய வளைவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். உராய்வு அப்படிக் கழிப்பதில்லை. எந்தத் திசையில் திரும்பினாலும் கூட்டிக்கொண்டே போகிறது. பக்கவாட்டுத் திருப்பங்களும் கணக்கில் சேரும். 40 மீட்டர் வீதம் மூன்று இடைவெளிகள், மொத்தத் திருப்பம் 1 ரேடியன் எனக் கொண்டால், உலோகக் குழாயில் ஒரு முனையிலிருந்து இழுத்த விசையில் மறுமுனைக்கு 45 சதவீதம்தான் சென்றடையும். அதனால்தான் நீண்ட வடங்களை இரு முனைகளிலிருந்தும் இழுக்கிறார்கள். அப்போது மிகக் குறைந்த விசை நடுவில் அமையும். அங்கே 67 சதவீதம் மிஞ்சும். தார்ப்பாய்க் கயிற்றை இருவர் இழுப்பதும் இதற்காகவே.

நீட்சி சொல்லும் சாட்சி: இவையெல்லாம் தாளில் போட்ட கணக்கு. களத்தில் உண்மையில் எவ்வளவு உராய்வு ஏற்பட்டது என்று அறிவது எப்படி? வடம் எவ்வளவு நீண்டது என்பதே அதற்கான சாட்சி. உராய்வே இல்லை என்றால், நம் 40 மீட்டர் வடம் 286 மில்லிமீட்டர் நீள வேண்டும். உலோகக் குழாயின் உராய்வைக் கணக்கிட்டால் 255 மில்லிமீட்டர். ஜாக்கியின் மானி முழு அழுத்தத்தைக் காட்டியும் வடம் 225 மில்லிமீட்டரே நீண்டது என்றால், உள்ளே எங்கோ வடம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குழாய் நசுங்கியிருக்கலாம், இணைப்பு வழியே கான்கிரீட் சாந்து உள்ளே கசிந்து இறுகியிருக்கலாம். மாறாக, எதிர்பார்த்ததைவிட மிகுதியாக நீண்டால், ஆப்பு நழுவியிருக்கலாம். கம்பி ஏதேனும் அறுந்திருக்கலாம். கணக்கிட்ட நீட்சிக்கும் அளந்த நீட்சிக்கும் இடையே பொதுவாக 5 சதவீத வேறுபாடுதான் ஏற்கப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் அது 13 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலத்தைவிடக் குறைவு.

இந்த அளவைக் களத்தில் ஒரு பதிவேட்டில் எழுதுகிறார்கள். வட எண், மானியின் அழுத்தம், படிப்படியான நீட்சி, ஆப்பு உள்வாங்கிய அளவு எல்லாம் அதில் இருக்கும். எழுதி முடித்த சில நாள்களில் வடத்தின் முனைகள் வெட்டப்படும். சிமென்ட் பால் செலுத்தப்படும். முனைகள் கான்கிரீட்டால் மூடப்படும். அதன் பிறகு உள்ளே இருக்கும் விசையை நேரடியாக அளக்க எளிய வழி இல்லை. அந்தப் பதிவேடுதான் பாலத்தின் பிறப்புச் சான்றிதழ்.

விழுந்த பாலங்கள்: முன்தகைவுப் பாலங்கள் விழுந்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. கோவாவின் பணஜியில் மாண்டவி ஆற்றின் மீது 1970-இல் திறக்கப்பட்ட பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1985 டிசம்பரில், வேல்ஸில் ஒரு சிறு முன்தகைவுப் பாலம் முன்னறிவிப்பின்றி விழுந்தது. தொடர்ந்து எழுந்த கவலைகளால், உறைக்குழாய்க்குள் வடம் வைத்துச் சிமென்ட் பால் அடைக்கும் முறையில் புதிய பாலங்கள் கட்டுவதை 1992-இல் பிரிட்டன் நிறுத்திவைத்தது. விதிகளைத் திருத்திய பின்பே மீண்டும் அனுமதித்தது. 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் எல்பே ஆற்றில் சரிந்தது. சில நிமிடங்களுக்கு முன்தான் ஒரு டிராம் அதைக் கடந்திருந்தது.

இவை உராய்வால் விழுந்தவை அல்ல. எஃகு அரிக்கப்பட்டதால் விழுந்தவை. ஆயினும் இரண்டுக்கும் உறவு உண்டு. நசுங்கிய, சாந்து புகுந்த குழாய் வடத்தைத் தடுப்பதைப் போலவே சிமென்ட் பாலையும் தடுக்கும். அங்கே காற்றுக்குமிழியும் நீரும் தேங்கும், அரிப்பு தொடங்கும். நீட்சிப் பதிவேட்டில் ஒரு வடம் அசாதாரணமாகக் காட்டுகிறது என்றால், இருபது ஆண்டுகள் கழித்து முதலில் சோதிக்க வேண்டிய வடம் எது என்பதை அந்தப் பதிவேடே சொல்லிவிடும். ஏடு தொலைந்துபோனால் பாலம் முழுவதையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டும்.

பொருளியல் சொல்வது: வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல மெல்ல விரட்டப்படும் என்று 1970-இல் எழுதிய ஜார்ஜ் அகர்லாஃப், பின்னர் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய பழைய கார்களைவிட நம் பாலங்களுக்கே அது நன்கு பொருந்தும். குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற முறையில், தாங்கு கம்பியை நெருக்கமாகக் கட்டுகிற ஒப்பந்ததாரருக்கும் கட்டாதவருக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. பாலத்தின் ஆயுள் 100 ஆண்டு என்று விதி சொல்கிறது; ஒப்பந்ததாரரின் குறைதீர்ப்புப் பொறுப்போ சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தின் சுமை அடுத்த தலைமுறையின் கணக்கில் எழுதப்படுகிறது.

பாரமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2018-இல் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல் பகுதிக்கு அது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதற்கு முன்பே கட்டப்பட்ட பாலங்களின் உள்ளே எவ்வளவு இறுக்கம் மிச்சமிருக்கிறது என்ற கேள்வியும் அந்த உயர்வோடு சேர்ந்தே எழ வேண்டும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, ஒவ்வொரு முன்தகைவுப் பாலத்தின் நீட்சிப் பதிவேட்டையும் சிமென்ட் பால் செலுத்திய பதிவேட்டையும் நெடுஞ்சாலைத் துறை மின்வடிவில் நிரந்தரமாகக் காத்து, பொதுவெளியில் வைக்க வேண்டும். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பு பாலங்களுக்கு அடையாள எண் வழங்குகிறது. அந்த எண்ணோடு இந்த ஏடுகளையும் இணைத்துவிட்டால் போதும். இரண்டாவது, நீண்ட பாலங்களில் உராய்வுக் கெழுவை விதிநூலிலிருந்து எடுத்து எழுதுவதோடு நில்லாமல், முதல் சில வடங்களில் இரு முனைகளிலும் விசையை அளந்து உறுதி செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, வடம் இழுக்கும் நாளில் ஒப்பந்ததாரருக்கும் துறைக்கும் அப்பாற்பட்ட ஒரு சாட்சி களத்தில் இருக்க வேண்டும். 1966 முதல் சேலத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இயங்குகிறது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் தனியார் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றின் ஆசிரியர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் இதற்குப் பயன்படுத்தினால், துறைக்கு நம்பகமான சாட்சியும் மாணவர்களுக்குப் புத்தகத்தில் கிடைக்காத பாடமும் கிடைக்கும்.

இதைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, ஆவணங்களின் நகலைப் பெறுவதற்கு மட்டுமன்றி, பணிகளை நேரில் ஆய்வு செய்வதற்கும் வழி செய்கிறது. உங்கள் ஊரில் ஒரு மேம்பாலப் பணி நடக்கிறது என்றால், திறப்பு விழா எப்போது என்று கேட்பதற்கு முன், வடங்கள் எவ்வளவு நீண்டன, கணக்கிட்டது எவ்வளவு, வேறுபாடு 5 சதவீதத்துக்குள் அடங்கியதா என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி வரும் என்று தெரிந்தாலே, குழாயைக் கட்டும் கை இன்னும் சற்று நெருக்கமாகக் கட்டும்.